ஐந்தாவது எண்

(போசரியில் தமிழன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு சுவரொட்டியிலிருந்து தொடங்குகிறேன். 2013 ஜனவரி 22 அன்று மும்பை அந்தேரியில் பள்ளிக்குப் புறப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். அவளைத் தேடி அச்சடித்த சுவரொட்டியில் அவள் படம், பெயர், அடியில் ஐந்து தொலைபேசி எண்கள். ஒன்பதரை ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், பதினாறு வயதுப் பெண்ணாக, அந்தச் சுவரொட்டியை இணையத்தில் தேடிக் கண்டெடுத்தவள் அவளேதான். தன்னை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்ட ஆள் குடிபோதையில், நீ என் மகளே இல்லை என்று உளறிவிட்டான். அதைப் பிடித்துக்கொண்டு, உடன் வேலை பார்த்த ஒரு பெண்ணின் துணையோடு தன் பெயரைத் தேடினாள். எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். நான்கு எண்கள் செத்துக் கிடந்தன. ஐந்தாவது மணி அடித்தது. அது பழைய பக்கத்து வீட்டுக்காரருடைய எண். அவளுடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் அந்தப் பெயர் நமக்குத் தேவைப்படாது.

நாடு இந்தச் செய்தியின் நாயகராகக் கொண்டாடியவர் ராஜேந்திர தோண்டு போசலே. டி.என். நகர் காவல் நிலையத்தில் உதவி சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். 2008 முதல் 2015 வரை அந்த நிலையத்தில் காணாமல் போனதாகப் பதிவான சிறுமிகள் 166 பேர். அவரும் அவருடைய குழுவினரும் 165 பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மிஞ்சிய ஒருத்திதான் இவள். பத்திரிகைகள் இவளை 166ஆம் எண் சிறுமி என்றே எழுதின. 2015 மே மாதம் போசலே ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் அவள் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு தேடினார், அவள் வீட்டாரோடு தொடர்பை விடவில்லை. வழக்கு எண்ணாகத் தொடங்கிய உறவு, சீருடையைக் கழற்றிய பிறகு சிநேகமாகிப்போனது. ஓய்வு பெற்ற காவலர், நண்பரின் காணாமல் போன மகள் என்றால் தமிழர்களுக்கு உடனே சினிமா நினைவுக்கு வரும். 'வேட்டையாடு விளையாடு' 2006இல் வந்தபோது, கமல்ஹாசன் ஏற்ற ராகவன் சக அதிகாரியாயிருந்த நண்பரின் மகளைத் தேடிப் புறப்பட்டதைப் பார்த்து நாம் கைதட்டினோம். அந்தக் கைதட்டலோடுதான் போசலேயின் கதையையும் கேட்கிறோம். அங்கேதான் நாம் வழி தவறுகிறோம் என்பது என் வாதம்.

போசலே அவளைக் கண்டுபிடிக்கவில்லை. இப்படிச் சொல்வதால் அவருடைய பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையாது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் நமக்குக் கிடைக்க வேண்டிய பாடம் குறைந்துவிடும். அவள் கிடைத்ததற்குக் காரணங்கள் இரண்டு. இணையத்தில் அழியாமல் கிடந்த ஒரு சுவரொட்டி ஒன்று. எண்ணை மாற்றாமல் இருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்று. இரண்டும் தற்செயல். அரசாங்கத்தின் ஏற்பாட்டில் அன்று உயிரோடு இருந்து அந்த அழைப்பை எடுத்தது எதுவும் இல்லை. காணாமல் போனவரைத் தேடுவது என்றதும் நம் மனத்தில் ஜீப்பும் ஓட்டமும் தோன்றுகின்றன. முதல் சில வாரங்களுக்கு அது சரி. அதற்குப் பிறகு தேடல் என்பது பெரும்பாலும் நினைவு வைத்திருக்கும் வேலை. நம் காவல் நிலையங்களுக்கு ஓடத் தெரியும். நினைவு வைத்திருக்க அவற்றுக்கு ஏற்பாடு இல்லை. நினைவு வைத்திருந்த மனிதரை 58 வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினோம்.

இதற்கான வலுவான சாட்சியம் இந்த வழக்கிலேயே இருக்கிறது. போலீஸ் தரப்பு சொன்ன விவரப்படி, குழந்தையில்லாத ஒரு தம்பதி ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி அவளை அழைத்துப் போனார்கள். சிறுமியைக் காணோம் என்று பகுதி முழுவதும் பரபரப்பானதும், பயந்துபோய் அவளைக் கர்நாடகத்துக்கு அனுப்பி ஒரு விடுதியில் சேர்த்தார்கள். பிறகு அவர்களுக்கே குழந்தை பிறந்தது. இரண்டு பேரை வளர்க்கக் கட்டுப்படியாகாது என்று அவளைத் திரும்பக் கூட்டி வந்து வீட்டு வேலையிலும் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையிலும் விட்டார்கள். எங்கே திரும்பி வந்தார்கள் என்பதுதான் விஷயம். அதே அந்தேரிக்கு, கில்பர்ட் ஹில் பக்கம், அவளுடைய சொந்த வீட்டிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் தொலைவுக்கு! இனி யாருக்கும் இவளை அடையாளம் தெரியாது என்பது அவர்கள் போட்ட கணக்கு. சத்தம் இருந்தபோது ஓடினார்கள், சத்தம் அடங்கியதும் வந்தார்கள். கதவும் பூட்டும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஊரின் மறதியே போதும் என்று நம்பினார்கள், பல ஆண்டுகள் அந்த நம்பிக்கை பலித்தும் இருந்தது. கடத்தியவர்களே மறதியை முதலாகப் போட்டுப் பிழைத்திருக்கும்போது, தேடுகிறவர்கள் நினைவை ஒரு மனிதரின் சொந்த விசுவாசத்துக்கு விட்டுவைத்தது என்ன நியாயம்?

நிலையத்துக்குள் மறதி எப்படி நடக்கிறது என்று பார்த்தால், அதில் யாருடைய கெட்ட எண்ணமும் வேண்டியதில்லை. புகார் வருகிறது, எழுத்தர் பதிவு செய்கிறார், விசாரணை அதிகாரி ஒருவர் பெயரில் கட்டு ஒதுக்கப்படுகிறது. அவருக்கு இடமாற்றம் வருகிறது. அடுத்தவர் வருகிறபோது மேசையில் நேற்றைய வழக்குகளே குவிந்து கிடக்கின்றன. நான்கு வருடத்துக்கு முந்தைய கட்டு பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. கட்டில் எழுதாத விஷயங்கள்தான் பல நேரம் முக்கியமானவை: எந்தக் கடைக்காரர் எதையோ சொல்லத் தயங்கினார், எந்த வீட்டில் அன்று பூட்டுத் தொங்கியது, குழந்தை எந்தப் பாதையில் போவதை விரும்பாது. இவை மாறிப்போகிற அதிகாரியின் தலையோடு போய்விடுகின்றன. நம் போசரியையே எடுத்துக்கொள்ளுங்கள். புணே நகரக் காவலின் கீழ் இருந்த இந்த நிலையம், 2018 ஆகஸ்ட் 15 அன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆணையரகம் உருவானபோது அதன் கீழ் வந்தது. ஒரு கட்டின் மேலிடமே மாறிவிடுகிற ஊர் இது.

புகார் கொடுப்பவரும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை ஷெட்டுகளுக்கு உத்தரப் பிரதேசம், பிகார், மராட்வாடா, கர்நாடகம், நம் தமிழ்நாடு என எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஓர் அறை. ஒப்பந்தமே இல்லாமல் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் அதைவிட அதிகம். ஒப்பந்தக்காரர் மாறினால் வேலை மாறும், வேலை மாறினால் அறை மாறும், ரீசார்ஜ் போடாமல் விட்ட சிம் சில மாதத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும். முதல் தகவல் அறிக்கையில் எழுதிய முகவரிக்கு மூன்று வருடம் கழித்து ஒரு காவலர் போய்க் கேட்டால், அங்கே இருப்பவர் முந்தியவரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சுவரொட்டியில் நான்கு எண்கள் செத்துக் கிடந்தது அந்தேரியின் தனிக் கதை என்று நினைக்காதீர்கள். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேரிடம் பத்து வருடத்துக்கு முந்தைய எண் இன்னும் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது எளிதில் ஒதுக்கக் கூடியதும் அல்ல. 166இல் 165 பேரைக் கண்டுபிடித்த அமைப்பை மறதி பிடித்தது என்று எப்படிச் சொல்லலாம்? நாடு முழுவதும் பார்த்தாலும் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான் தெரிகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், அந்த ஆண்டு காணாமல் போனதாகப் பதிவான குழந்தைகள் 83,350 பேர். அவர்களில் சிறுமிகள் 62,946. அந்த ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 80,561. நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த 80,561 பேரில் முந்தைய ஆண்டுகளில் காணாமல் போனவர்களும் உண்டு. அதே அறிக்கையில், பழைய ஆண்டுகளின் பாக்கியையும் சேர்த்து, ஆண்டு முடிவில் இன்னும் கிடைக்காதவர்கள் 47 ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு ஆண்டும் மிச்சம் சிறிதாகத் தெரிகிறது. மிச்சங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. வட்டி கட்டிக் கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியில் அசலை மறந்த கடன்காரரின் கணக்குப் போல இது. எளிதில் கிடைக்கக் கூடியவர்களை அமைப்பு கண்டுபிடிக்கிறது, அதை மனமாரப் பாராட்டலாம். கிடைக்கக் கடினமான ஒருத்திக்கு எது தேவையோ அது அமைப்பிடம் இல்லை. 165 பேர் கிடைத்தது ஓட்டத்தால். 166ஆவது பெண்ணுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

சட்டம் போதவில்லையோ என்று சிலர் கேட்பார்கள். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஹோரிலால் வழக்கில் 2002லேயே உச்ச நீதிமன்றம், காணாமல் போன சிறுமிகளுக்காகப் படத்தை வெளியிடுவது, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது என்று செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிட்டது. நொய்டாவில் உள்ள நிட்டாரியில் குழந்தைகள் காணாமல் போவதாகப் பெற்றோர் கொடுத்த புகார்கள் கண்டுகொள்ளப்படாமல் கிடந்தது 2006 டிசம்பரில் எலும்புகள் கிடைத்த பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பின்னால் விடுதலையாகிவிட்டார்கள். குற்றவாளி யார் என்ற கேள்வி அப்படியே நிற்க, புகார்களைப் புறக்கணித்தது யார் என்ற கேள்விக்கு மட்டும் அன்றும் இன்றும் ஒரே விடைதான். 2013 மே 10 அன்று பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தாலே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தல் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்றது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் கட்டை ஓர் அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்கு மாற்றுவது நினைவு வைத்திருப்பது ஆகாது. சில நேரம் அது நேர் எதிரானது: அந்தத் தெருவையும் அந்தத் தாயையும் அறிந்த காவலரிடமிருந்து, இரண்டையும் அறியாத பிரிவுக்கு வழக்கு போய்ச் சேர்கிறது.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பத்தின் பெயரால் வரும். மனித நினைவு எதற்கு, எந்திரம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதா? டெல்லி போலீஸ் முக அடையாள மென்பொருளை வாங்கியது காணாமல் போன குழந்தைகளின் பெயரால்தான். 2018 ஏப்ரலில் நான்கே நாளில் ஏறக்குறைய 3,000 குழந்தைகளை அது அடையாளம் கண்டதாகச் செய்தி வந்து நாடே வியந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன் துல்லியம் 2 விழுக்காடு என்று சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு அது 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது என்றும், பையனையும் பெண்ணையும் பிரித்தறியக்கூட முடியவில்லை என்றும் மத்திய அமைச்சகமே சொல்ல நேர்ந்தது. இன்று மென்பொருள் மேம்பட்டிருக்கலாம்; நான் அதற்கு எதிரியில்லை. அந்தேரிச் சிறுமிக்கு உதவியதும் ஒரு தேடுபொறிதானே. ஆனால் ஏழு வயது முகம் பதினாறு வயதில் எப்படி மாறும் என்பது பெற்ற தாய்க்கே சோதனை. எந்திரம் பத்துப் படங்களை எடுத்து நீட்டட்டும். அவற்றில் இவள்தான் என்று சொல்ல, அந்தக் குடும்பத்தோடு பழகிய ஒருவர் வேண்டும்.

ஊக்கத்தொகை கொடுத்தால் போதும் என்பாரும் உண்டு. 2020இல் டெல்லி போலீஸ் ஒரு திட்டம் அறிவித்தது. பன்னிரண்டு மாதத்தில், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐம்பது பேரையோ அதற்கு மேலோ கண்டுபிடிக்கும் காவலருக்கு முறைக்கு முந்திய பதவி உயர்வு. சமய்பூர் பாத்லி நிலையத் தலைமைக் காவலர் சீமா டாக்கா மூன்றே மாதத்துக்குள் 76 குழந்தைகளைக் கண்டுபிடித்து அதைப் பெற்றார். வெறும் விருப்பம் இருந்தாலே நிலையத்தில் எவ்வளவு நடக்கும் என்பதற்கு அவர் நல்ல சான்று. என்றாலும், எண்ணிக்கைக்குப் பரிசு என்று வந்துவிட்டால், ஒருத்திக்காக ஒன்பது வருடம் செலவிடுவதைவிட ஐம்பது பேருக்காக ஒரு வருடம் செலவிடுவதே புத்திசாலித்தனம். 166ஆவது பெண் அந்தக் கணக்கில் என்றும் நட்டக் கணக்குத்தான்.

ஆகவே ஓய்வு பெற்றவர்களிடம் வருகிறேன். அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய மேலதிகாரி இல்லை, பதவி உயர்வு இல்லை, இடமாற்றம் இல்லை. பழைய கட்டு ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படிக்க நேரம் இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையம் 1984இல் தொடங்கப்பட்டது. 1992 முதல் ஓய்வு பெற்ற காவல் அதிகாரிகளைத் தொண்டர்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அலெர்ட் திட்டம் என்று பெயர். அவர்களாக எங்கும் நுழைவதில்லை. உள்ளூர்க் காவல்துறை கேட்டால் போய், தூசி படிந்த வழக்குகளைப் பிரித்துப் படித்து, விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். நம் நாட்டுக்கும் இது முற்றிலும் அந்நியமில்லை. நிட்டாரிக்குப் பிறகு காணாமல் போகும் குழந்தைகள் பற்றி ஆராய மனித உரிமை ஆணையம் அமைத்த குழுவுக்குத் தலைவராயிருந்த பி.சி. சர்மா, சி.பி.ஐ. இயக்குநராயிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற இயக்குநருக்குக் குழு கிடைக்கிறது. ஓய்வு பெற்ற ஹவல்தாருக்குப் பெரும்பாலும் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை கிடைக்கிறது. போசரியின் சந்துகளை யார் அதிகம் அறிவார் என்று கேட்டால் நான் ஹவல்தார் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளிலேயே கனமானதை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது என்னையே தயங்க வைக்கிறது. நண்பரின் மகள் என்ற சொல்லில் ஆபத்து இருக்கிறது. தேடுகிறவர் யாருக்காகத் தேடுகிறார்? தந்தைக்காகவா, மகளுக்காகவா? காணாமல் போனதாகப் பதிவான பெண்களில் ஒரு பகுதியினர் காணாமல் போனவர்களே அல்லர். பிடிக்காத கல்யாணத்திலிருந்தோ அடி உதையிலிருந்தோ, தனக்குப் பிடித்தவனோடோ கிளம்பிப் போனவர்கள். அவர்களைத் தேட, அதிகாரத்தின் மிடுக்கு மட்டும் மிச்சமிருக்கிற, பொறுப்பு எதுவும் இல்லாத ஒரு முன்னாள் போலீஸ்காரரை அப்பாவின் சிநேகிதராக அனுப்பிவைத்தால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு யாரும் விளக்க வேண்டாம். சாதி பார்த்து மகளை வெட்டிய ஊர்கள் நம்முடையவை. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் சேர்ந்து வாழ முடிவெடுத்தால் குடும்பமோ சாதிப் பஞ்சாயத்தோ குறுக்கே நிற்க முடியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய பெண் கிடைத்துவிட்டால், போலீஸ் செய்ய வேண்டியது அவள் நலமாக இருக்கிறாளா, சொந்த விருப்பத்தில் இருக்கிறாளா என்று கேட்டுக்கொள்வது மட்டுமே. அவள் விரும்பாவிட்டால் முகவரியைத் தந்தைக்குக் கொடுக்கக் கூடாது. சிநேகிதரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது என்றே நினைக்கிறேன். அதனால்தான் இதைச் சிநேகிதத்திடம் விடக் கூடாது என்கிறேன். ஓய்வு பெற்றவரின் உதவி பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளோடு நிற்க வேண்டும். நிலையம் எழுத்தில் கேட்டால்தான் அவர் கட்டைத் தொட வேண்டும். யாரையும் நிறுத்தி விசாரிக்கும் அதிகாரம் அவருக்குக் கூடாது. படிப்பதும், பழைய சாட்சிகளோடு தொடர்பு வைத்திருப்பதும், ஆண்டுக்கொரு முறை குடும்பத்தின் எண்ணையும் முகவரியையும் சரிபார்ப்பதும் போதும். தனக்குத் தெரிந்ததை அவர் தந்தையிடம் சொல்லக் கூடாது. நிலையத்திடமும் குழந்தைகள் நலக் குழுவிடமும் சொல்ல வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பெண் வீட்டுக்கே போக மாட்டேன் என்றால், அந்தப் பேச்சைக் கேட்க வேண்டிய இடமும் அந்தக் குழுதான். அன்பு குறைந்த ஏற்பாடாக இது தோன்றலாம். இருக்கட்டும். அன்பு நிறைந்த ஏற்பாட்டில் எல்லாம் போசலேயைப் போன்ற ஒருவர் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது.

சுவரொட்டி எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதற்குப் பணம்கூட ஆகாது. மும்பையில் 1996இல் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் 1098 இன்றும் அதே 1098தான். காணாமல் போன குழந்தையின் அறிவிப்பில் தந்தை, மாமா, அதிகாரி ஆகியோரின் கைபேசி எண்கள் இருக்கட்டும். அவற்றுக்கு மேலே, ஆள் மாறினாலும் மாறாத இப்படியோர் எண்ணும் வழக்கு எண்ணும் பெரிய எழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வழக்கு எண்ணைச் சொன்னால், எடுப்பவருக்கு அந்த வழக்கைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று தெரிய வேண்டும். இவ்வளவுதான்.

அந்தேரியில் ஐந்தாவது எண் அடித்தபோது எடுத்த பக்கத்து வீட்டுக்காரர் உடனே நம்பவில்லை. அந்த ஒன்பதரை ஆண்டில் இப்படிப் பொய் அழைப்புகள் அவருக்கு வந்திருந்தன. படம் அனுப்பச் சொன்னார். பிறகு வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்து, அதைப் படமாகப் பிடித்துக்கொண்டு போய் அவளுடைய தாயிடம் காட்டினார். தாய் பார்த்தாள், மாமா பார்த்தார், அடையாளம் தெரிந்தது. தந்தை அதற்குச் சில மாதம் முன்பே இறந்துவிட்டார்.